உயர்திணை மானிட்டர்

எல்லையோர மாங்கூழ் மேம்பாட்டு வாரியத்திடம் முனிலட்சுமி கேட்டது ஒரே ஒரு மானிட்டர். கேட்டதைவிட மேலானதையே வாரியம் கொடுத்தது. அந்த விஷயத்தில் வாரியத்தை யாரும் குறை சொல்ல முடியாது.

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் சிறிய அளவில் மாங்கூழ் எடுக்கிறவர்களுக்கு, ஏற்றுமதி டின்னில் ஒட்டும் லேபிளை வடிவமைத்து அச்சிட்டுக் கொடுப்பதுதான் வாரியத்தின் வேலை. இந்த வேலைக்காக ஒரு மேலாண்மை இயக்குநர், அவருக்குக் கீழே இணை, துணை, உதவி என்று இறங்குவரிசையில் இயக்குநர்கள், பணியமைப்புப் பிரிவு, கொள்முதல் பிரிவு, ஆட்சிமொழிப் பிரிவு எல்லாம் இருந்தன. லேபிளை வரைவதற்கு முனிலட்சுமி இருந்தாள். ஒப்பந்தப் பணியாளர். ஓசூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருவாள். சூளகிரி தாண்டினால்தான் உட்கார இடம் கிடைக்கும்.

அவளுக்குக் கொடுத்திருந்த மானிட்டர் எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது. மழையில் நனைந்து காய்ந்த காலண்டர் மாதிரி ஓரமெல்லாம் மங்கியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், அது எல்லாவற்றையும் கொஞ்சம் சிவப்பாக்கித்தான் காட்டும். மஞ்சள் போட்டால் ஆரஞ்சாகத் தெரியும். முனிலட்சுமி சிவப்பைக் குறைப்பாள். திரையில் சரியாகிவிடும். அச்சாகி வரும்போது பச்சையடித்துக் கிடக்கும்.

போன பருவத்தில் அப்படித்தான் ஆனது. பர்கூர் பக்கம் சரசம்மாவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து ஒரு கூழ்க்கூடம் நடத்துகிறார்கள். அவர்களுடைய டின்கள் மாங்காய்த் தோல் நிறத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டு கப்பலேறின. அந்தக் கரையில் வாங்குகிறவர் டின்னைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழுக்காத காயில் கூழ் எடுத்திருக்கிறார்கள் என்று மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிட்டார். இந்த முறை, முதலில் லேபிளை அனுப்புங்கள், அது கூழின் நிறத்தில் இருந்தால் சரக்கை ஏற்றுங்கள் என்று சொல்லியிருந்தார். இன்னொரு தடவை நிறம் தப்பினால் சரசம்மா கூடத்தைப் பூட்டிவிட்டு, விட்டு வந்த கிரானைட் குவாரிக்கே கூலி வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சரசம்மா தினமும் போன் செய்தாள்.

"ஏம் பாப்பா, டின்னெல்லாம் மொட்டத் தலையோட நின்னுனு இருக்குது. எப்பத்தான் லேபிள் ஒட்றது?"

"கொஞ்சம் பொறுங்கக்கா. கலர் சரியா தெரியல."

"இந்த வயசுலயேவா? ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கோ."

"எனக்கில்லக்கா. கம்ப்யூட்டருக்கு."

"அதுக்கும் போடு. யாரு வேணாங்கறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனிலட்சுமி ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். சரசம்மாவின் கூழைக் கிண்ணத்தில் ஊற்றி எடுத்த போட்டோவைப் பென்டிரைவில் கொண்டுபோயிருந்தாள். கையில் சின்ன டப்பாவில் கூழும் இருந்தது. ஒவ்வொரு மானிட்டரிலும் போட்டோவைப் போடச் சொல்லி, டப்பாவைத் திறந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். கடைக்காரர் ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"மேடம், கிராபிக்ஸுக்குத்தான கேட்டீங்க? மாம்பழம் பாக்கறதுன்னா மார்க்கெட்டுக்கே போயிருக்கலாமே."

ஒரே ஒரு மானிட்டரில்தான் திரையின் மஞ்சளும் டப்பாவின் மஞ்சளும் கலந்து நின்றன. லேபிளில் இருக்கும் பொடி எழுத்துகூடப் பிசிறில்லாமல் தெரிந்தது. அதன் விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாள்.

மேலாண்மை இயக்குநர் ராஜேஷ்குமார் உடனே சம்மதித்தார். "மானிட்டர்தான? தாராளமா. நம்ம வாரியத்துல இல்லைங்கற பேச்சே கிடையாது. எழுதிக் குடுங்க."

அவர் சொன்னது உண்மைதான். வாரியத்தில் யாரும் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. எழுதிக் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

முனிலட்சுமி கடையில் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள். கிராபிக்ஸ் பணிக்கு ஹை ரெசல்யூஷன் மானிட்டர் ஒன்று. இருபத்தேழு இஞ்ச். ஐ.பி.எஸ். பேனல். ஆன்ட்டி கிளேர். அட்ஜஸ்டபிள் ஸ்டாண்ட்.

காகிதம் ஆட்சிமொழி அலுவலர் இளம்பரிதியிடம் போனது. வாரியத்தில் எந்தக் கோப்பும் அவருடைய மேசையைத் தொடாமல் மேலே போகாது. அவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"முனிலட்சுமி, கோப்புக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹை ரெசல்யூஷன். உயர்மட்டத் தீர்மானம். சரிதானே?"

"சார், அது தீர்மானம் இல்லைங்க. தெளிவு. படம் தெளிவா தெரியறது."

"தெளிவு என்று எழுதினால் மேலே எல்லோரும் குழம்பிப்போவார்கள் அம்மா. தீர்மானம் என்றால் அவர்களுக்குப் பழக்கம். அடுத்தது மானிட்டர். கண்காணிப்பாளர்."

"சார், கண்காணிப்பாளர்னா சூப்பரின்டென்ட் இல்லைங்களா? இது டிவி மாதிரி ஒரு பொருளுங்க. திரை."

"திரை என்று எழுதினால் சினிமா என்று நினைத்து நிதிப் பிரிவு திருப்பி அனுப்பிவிடும். மானிட்டர் பண்ணுவது என்றால் கண்காணிப்பது. கண்காணிப்பது யார்? கண்காணிப்பாளர். மொழிக்கு நான் துரோகம் பண்ண முடியாது." அவர் பேனாவை எடுத்தார். ஏதோ கண்ணில் பட்டு முகம் சுளித்தார். "என்ன இது, 'கண்காணிப்பாளர் ஒன்று'? இவ்வளவு படித்த பெண் திணை வழுவோடு எழுதலாமா?"

ஒன்றை அடித்துவிட்டு ஒருவர் என்று எழுதினார். அதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துத் திருப்தியடைந்தார்.

அந்த ஒரு சொல்லால் கோப்பு கொள்முதல் பிரிவுக்குப் போகாமல் பணியமைப்புப் பிரிவுக்குப் போனது. பொருள் வாங்குவது கொள்முதல். ஆள் எடுப்பது பணியமைப்பு. இதில் வாரியம் என்றைக்கும் குழம்பியதில்லை.

முனிலட்சுமி ஒவ்வொரு பிரிவாகப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். பணியமைப்புப் பிரிவில், கோப்பில் ஆள் என்றிருப்பதைப் பொருளாக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள். கொள்முதல் பிரிவில், கோப்பே வரவில்லையே என்றார்கள். ஊழியர் சங்கத்துக்காரர் ஒருவர் அவளை வராந்தாவில் நிறுத்தி, "கண்காணிப்பாளர் பதவியைப் போய் டிவிப்பெட்டின்னு சொல்லினு திரியறியாமே? மரியாதை இருக்கட்டும்மா" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் வலித்தது.

உயர்மட்டத் தீர்மானம் வேண்டும் என்று கோப்பிலேயே இருந்ததால் வாரியத்தின் உயர்மட்டக் குழு கூடியது. விளக்கம் தருவதற்காக முனிலட்சுமியையும் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முந்திரிப் பருப்பும் பிஸ்கட்டும் அவளுக்கு முந்தின நாற்காலியோடு நின்றுவிட்டன.

ராஜேஷ்குமார் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, போன வருஷம் நம்ம லேபிள் பச்சையா போயிடுச்சு. ஏன்? கண்காணிப்பு இல்லை. நிறம்ங்கறது என்ன? நாம பாக்காதப்ப மாறிடற சமாச்சாரம். வரையறவங்க வரைஞ்சிட்டே இருக்காங்க. அவங்களை யாரு பாக்கறது? நானா பாக்க முடியும்? நான் லேபிளைப் பார்த்தே மூணு வருஷம் ஆகுது. எனக்கு மேல்மட்ட வேலை இருக்கு. அதனால கிராபிக்ஸுக்குன்னு தனியா ஒரு கண்காணிப்பாளர் வேணும்னு கீழ இருந்தே கோரிக்கை வந்திருக்கு. என் பணிக்காலத்துல கீழ இருந்து ஒருத்தர் தன்னைக் கண்காணிக்கச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை."

எல்லோரும் திரும்பி முனிலட்சுமியைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் எழுந்து நின்று, "சார், நான் கேட்டது..." என்றாள்.

"அடக்கம் வேணாம்மா, உட்காரு."

துணை இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "இ.கா.ப. குழுன்னு போட்டிருக்கு. அதாவது ஐ.பி.எஸ். போலீஸ் அதிகாரிங்க இருக்கற தேர்வுக் குழு வச்சு எடுக்கணுமா?"

"வச்சுக்குவோம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருத்தர் எனக்குத் தெரியும்" என்றார் ராஜேஷ்குமார். "சாயங்காலத்துல சும்மாதான் இருக்காரு."

"இருபத்தேழு அங்குலம்ங்கறாங்களே. இது இடுப்பா, மார்பா?"

எல்லோரும் மறுபடி முனிலட்சுமியைப் பார்த்தார்கள். இனி என்ன சொன்னாலும் ஒன்றுதான் என்கிற களைப்பில் அவள் உண்மையைச் சொன்னாள்.

"மூலைக்கு மூலை சார். குறுக்கால அளப்பாங்க."

"ஆளைக் குறுக்கால எப்படிம்மா அளக்கறது?"

உதவி இயக்குநருக்கு ஒரு யோசனை தோன்றியது. "கலெக்டர் ஆபீஸ் டபேதார் டவாலி போடுவாரே, அந்த மாதிரி. இடது தோள்ல இருந்து வலது இடுப்பு வரைக்கும்."

அது அப்படியே தீர்மானமானது. உயர்மட்டத்தில்.

மற்ற துறைகளிலிருந்து அயல்பணியில் வர விரும்பும் கண்காணிப்பாளர்கள் விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்தார்கள். நேர்காணல் நாளன்று வாரியத்தின் வராந்தா முழுக்கக் கண்காணிப்பாளர்கள். ஒரு தையல்காரரை வரவழைத்து எல்லோருக்கும் டவாலி அளவு எடுத்தார்கள். தர்மபுரியிலிருந்து வந்த ஒருவர் மூச்சை உள்ளிழுத்து நின்று, அதற்கும் இடுப்பு வழிவிடாததால், வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்.

ஆன்ட்டி கிளேரை இளம்பரிதி 'முறைக்காத இயல்பு' என்று எழுதியிருந்தார். அதைச் சோதிக்கும் பொறுப்பை ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஏற்றுக்கொண்டார். உள்ளே வருகிறவரை அவர் பேசாமல் முறைப்பார். திருப்பி முறைக்கிறார்களா என்று மற்றவர்கள் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சிலர் முறைத்தார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். வேலூர்க்காரர் ஒருவர் செய்யாத எதையோ ஒப்புக்கொண்டார்.

கடைசியில் பேச்சியம்மாள் உள்ளே வந்தாள். தென்காசிப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்த முகம். மகனுக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை, அவனோடு ஒன்றாக இருக்கலாம் என்பதைத் தவிர அவளுக்கு இந்தப் பதவியைப் பற்றி வேறு எதுவும் தெரியாது. அதிகாரி முறைத்தார். பேச்சியம்மாள் குனிந்து அவர் கண்ணைக் கிட்டப் பார்த்தாள்.

"என்ன சார், தூசி விழுந்துட்டா? ஊதிவிடட்டா?"

அவளையே எடுத்தார்கள். அட்ஜஸ்டபிள் ஸ்டாண்டுக்காக, அனுசரித்துப் போகும் நிலைப்பாடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, "முப்பது வருசமா கெவருமெண்டுல இருக்கேன், வேற என்ன நிலைப்பாடு இருக்கும்?" என்று சொன்னதும் குழுவுக்குப் பிடித்துப்போனது.

பேச்சியம்மாள் வேலையில் சேர்ந்த அன்று, அவளுடைய மேசையை முனிலட்சுமியின் மேசைக்கு நேர் எதிரே போட்டார்கள். மானிட்டர் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பேச்சியம்மாள் மதியம் வரை முனிலட்சுமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள்.

"ஏளா, நான் என்னத்தத்தான் பாக்கணும்? யாரு கேட்டாலும் கிராபிக்ஸ், கிராபிக்ஸுங்கானுவ."

முனிலட்சுமி எல்லாவற்றையும் சொன்னாள். பேச்சியம்மாள் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேசை குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகம் சோர்ந்துபோயிருந்தது.

"ரிட்டயராகுத வயசுல என்னைய டிவிப்பெட்டியா ஆக்கிட்டானுவளே. சரி, அந்தப் பொம்பளையோட லேபிளு என்னாச்சு?"

"அப்படியேதான் இருக்குது மேடம். இந்த வாரக் கடைசிக்குள்ள அச்சுக்குப் போவலைன்னா கப்பலைப் புடிக்க முடியாது."

"நான் எம்.டி.கிட்ட சொல்லுதேன்."

போய்ச் சொன்னாள். ராஜேஷ்குமார் பொறுமையாகக் கேட்டார். "மேடம், ஒரு மானிட்டர் கேட்டாங்க, உங்களைக் குடுத்தோம். நீங்க வந்த அன்னைக்கே இன்னொரு மானிட்டர் கேட்டா, உங்களால பயனில்லைன்னு தணிக்கையில எழுதமாட்டாங்களா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பேச்சியம்மாள் திரும்பி வருவதற்குள் இன்னொரு கோப்பு கிளம்பியிருந்தது. கிராபிக்ஸ் பணிக்கு அனுமதிக்கப்பட்டது ஓர் ஆள். இப்போது நிரந்தரப் பதவியில் கண்காணிப்பாளர் ஒருவர் வந்துவிட்டார். அப்படியானால் ஏற்கெனவே இருப்பது கூடுதல். நிதிப் பிரிவு இதைக் கண்டுபிடித்ததற்காகப் பாராட்டப்பட்டது. மறுநாள் காலை முனிலட்சுமியின் மேசையில் ஆணை இருந்தது.

'வரைகலைப் பணிக்குக் கண்காணிப்பாளர் ஒருவர் அமர்த்தப்பட்டுள்ளதால், ஒப்பந்த வரைகலைஞர் ஒன்று இன்று முதல் கழிக்கப்படுகிறது.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எடுத்துக்கொண்டு இளம்பரிதியிடம் போனாள்.

"சார், நான் 'ஒன்று'ங்களா?"

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. "நிரந்தரப் பணியாளர்கள் பணியமைப்பில் வருகிறார்கள் அம்மா. ஒப்பந்தப் பணியாளர்கள் கொள்முதல் பிரிவில் வருகிறார்கள். கொள்முதல் செய்வது பொருளை. பொருள் அஃறிணை. நானும் எப்படியாவது 'ஒருவர்' போட முடியுமா என்று நேற்று முழுக்கப் பார்த்தேன். இலக்கணம் விடவில்லை."

முனிலட்சுமி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். லேபிள் இருந்த பென்டிரைவைப் பேச்சியம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். வழியனுப்ப வாசல் வரை வந்த பேச்சியம்மாள் அவளுடைய போன் நம்பரையும் சரசம்மாவின் நம்பரையும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை முனிலட்சுமி ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றிருந்தாள். பேக்கிங் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு சுகுணா சொல்லியிருந்தாள். முன்னால் இன்னும் நாலைந்து பேர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சரசம்மா அந்த வாரம் போன் செய்யவே இல்லை. அதுதான் அவளுக்கு உறுத்திக்கொண்டிருந்தது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

போன் அடித்தது. பேச்சியம்மாள்.

"ஏளா முனி, எங்க நிக்க? ஒரு சங்கதி கேளு. கண்காணிப்பாளருன்னா மேசை, நாற்காலி, இரும்புப் பீரோ, கம்ப்யூட்டரு தானா வரணும்னு ஏதோ விதி இருக்காம்ல. நான் கேக்கவே இல்ல. கொள்முதல்ல இருந்து கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டானுவ. பெருசுன்னா பெருசு. என் வீட்டு சன்னலு தோத்துது."

"என்ன மானிட்டர் மேடம்? கலர் நல்லா தெரியுதா?"

"அதை நான் என்னத்தக் கண்டேன்? நீ கேட்ட அந்த ஐ.பி.எஸ். எழுத்து பொட்டி மேலயே போட்டிருக்கு. நீ குடுத்த குச்சியைச் சொருகி லேபிளத் தொறந்துட்டேன். சரசம்மாளயும் வரச் சொல்லிட்டேன். கூழும் சட்டியுமா பக்கத்துல நிக்கா. நீ இங்கன வந்தா கேட்டுலயே மறிச்சிருவானுவ. நான் எலியப் பிடிச்சிக்கேன், நீ சொல்லு."

"மேடம், உங்களுக்கு..."

"சொல்லுன்னா சொல்லுளா. வீடியோவுல காட்டட்டா?"

"வேணாம் மேடம். போன்ல கலர் மாறிடும். நீங்களே பாத்துச் சொல்லுங்க."

முனிலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். வரிசை நகர்ந்தது. பின்னால் நின்ற பெண் முதுகில் தட்ட, கண்ணைத் திறக்காமலே ஓர் அடி வைத்தாள்.

"லேபிள்ல மாம்பழம் மேல அம்பை வச்சு அழுத்துங்க. ஓரத்துல நாலு கோடு வரும்."

"வந்துட்டு."

"இப்ப மஞ்சள் எப்படி இருக்குது?"

பேச்சியம்மாள் யோசிக்கும் சத்தம் கேட்டது. "வாடுன பூசணிப்பூ இருக்கும்லா, அது."

"ரோஸ் கோட்டைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளுங்க."

"தள்ளிட்டேன். எய்யா, இப்ப போலீஸ் ஸ்டேசன் செவரு மாதிரி ஆயிட்டு."

"ரொம்பத் தள்ளிட்டீங்க. பாதி திரும்பி வாங்க."

குறுக்கே சரசம்மாவின் குரல் கேட்டது. "பாப்பா, நான் சட்டியைத் திரை கிட்டயே புடிச்சினு இருக்கறேன். நம்பள்து இன்னும் கொஞ்சம் சூடா இருக்குது. இது ஜுரம் வந்தவன் கண்ணு மாதிரி மங்கிப் போயிருக்குது பாரு."

"மேடம், மேல ஒரு நீலக் கோடு இருக்கும். அதைச் சுத்தமா இடது பக்கம் கொண்டுபோயிடுங்க. மெதுவா. அக்கா, நீங்க சட்டியிலயே கண்ணை வையுங்க. ரெண்டும் ஒண்ணாவும்போது சொல்லுங்க."

பேச்சியம்மாள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தூரத்தில் வாரியத்தின் மின்விசிறி கடகடவென்றது.

"ஆங்! நில்லு, நில்லு!" சரசம்மா கத்தினாள். "அசைக்காதக்கா, அப்படியே இரு! பாப்பா, வந்துச்சு! சட்டியில இருக்கறது எது, டிவியில இருக்கறது எதுன்னே தெரியல!"

"மேடம், நீங்க சொல்லுங்க. நிஜமாவே வந்துடுச்சா?"

பேச்சியம்மாள் வழக்கமான கேலி இல்லாமல், மெதுவாகச் சொன்னாள். "வந்துட்டுளா. பாத்தா நாக்குல எச்சி ஊறுது. அச்சுக்கு அனுப்ப என் ஒரு கையெழுத்து போதுமாம். அனுப்பிருதேன்."

"அனுப்புங்க மேடம்."

"கீழ உன் பேரு எங்கயாவது போடணுமா?"

"லேபிள்ல வரைஞ்சவங்க பேர் வராது மேடம்."

முனிலட்சுமி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அந்த மஞ்சள் அவளுக்குள் பிசிறில்லாமல் நின்றது. வாரியத்தில் இருந்த நாள்களில் ஒரு தடவைகூட அவ்வளவு தெளிவாக அவள் எதையும் பார்த்ததில்லை.

"ஏம்மா மஞ்சச் சுடிதார்! தூங்கறியா?" காவலாளி கேட்டைத் தட்டினான். "அடுத்த ஆளு நீதான். உள்ள வா."